வேன் இழுத்த பல்லும் நன்னாரி சர்பத்தும்

ஆசியாக் கண்டத்திலேயே பல் என்றால் அது சிங்காநல்லூர் சென்னியப்பனின் பல்தான். மற்றவர்கள் வாயில் இருப்பதெல்லாம் சோறு மெல்ல வைத்திருக்கும் வெள்ளைக் கூழாங்கல். யானைக்கு இரண்டே இரண்டு தந்தம், சென்னியப்பனுக்கு வாய் நிறையத் தந்தம். அவன் சிரித்தால் எதிரே வரும் டவுன் பஸ் லைட்டைக் குறைத்துக்கொள்ளும். கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போனால் கரும்புகள் பயத்தில் தாமாகவே இரண்டாக முறியும். அவன் தூக்கத்தில் பல்லைக் கடித்தபோது பக்கத்து மில்லில் ஷிப்டு மாற்றும் சங்கு என்று நினைத்து ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குடன் கிளம்பிவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் யாகூப் பாயைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். பல்லால் இழுக்கப்பட்டது அவருடைய வேன்.

யாகூப் பாய் சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கோடை வந்து கரண்டு ஏறி இறங்க ஆரம்பித்தால், சுற்று வட்டாரத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் கருகிப்போய் அங்கே வந்து வரிசையில் படுத்துக்கொள்ளும். அவற்றின் வயிற்றைப் பிளந்து, கருகின செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி கட்டுவது சென்னியப்பன் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்ட நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறான். ஒயரின் ரப்பர் தோலை உரிக்க மற்றவர்கள் குறடு தேடுவார்கள். சென்னியப்பன் ஒயரை வாயில் வைத்து ஒரு கடி, ஒரு இழு. தோலைத் தூ என்று துப்பினால் அது ஆணியில் போய் மாட்டிக்கொள்ளும்.

"கொறடத் தேடற நேரத்துல ஒரு மோட்டாரே கட்டிப்போடலாமுங் பாய்" என்பான்.

ஒரு ஆயுத பூஜை அன்று, சந்தனம் பொட்டெல்லாம் வைத்து வாழைக்கன்று கட்டிய மெட்டடார் வேன் கிளம்பாமல் முரண்டு பிடித்தது. எல்லோரும் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், சென்னியப்பன் கயிற்றை ஒரு முனையில் வேனுக்கும் மறு முனையில் தன் பல்லுக்கும் கொடுத்து, பட்டறை வாசலிலிருந்து எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ரோடு டீக்கடைப் பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும் என்பதை இன்றுவரை யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை. வேன் கொஞ்ச தூரம் அவனைத் துரத்திக்கொண்டு வந்தது என்பதையும் சொன்னதில்லை. ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் சரிவெல்லாம் மேடுதான்.

இப்படிப்பட்ட பல்லுக்குத்தான் கூச்சம் வந்தது.

வந்ததும் எங்கே என்றால், சிறுவாணித் தண்ணீரில். கோயமுத்தூர்க்காரனுக்குப் பெருமை அடித்துக்கொள்ள வேறு எது இல்லாவிட்டாலும் இந்தத் தண்ணீர் இருக்கிறது. சொந்தக்காரர் வந்தால் காப்பிக்கு முன்னால் இதை ஒரு சொம்பு கொடுத்து, குடிக்கிற முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தத் தண்ணீரைத்தான் சென்னியப்பன் ஒரு நாள் காலையில் அண்ணாந்து குடித்தான். குடித்தவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

பல் கூச்சம் என்பது வலி இல்லை. வலியாக இருந்தால் கௌரவமாக ஊரைக் கூட்டலாம். இது வேறு. தண்ணீர் உதட்டைத் தாண்டி வந்து முதலில் நல்ல பிள்ளையாக நிற்கும். பிறகு இடப்பக்கம் கடைவாய்க்கு முன்னால் இருக்கிற பல்லின் அடியில் யாரோ குண்டூசியால் கதவைத் தட்டுவார்கள். தட்டின உடனே கதவு திறந்து, ஒரு வெள்ளை வெளிச்சம் விறுவிறுவென்று ஓடி இடது காதுக்குள் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து கண்ணுக்கு ஆள் அனுப்பும். அந்த ஒரு கண் மட்டும் அழும், இன்னொரு கண் என்ன விஷயம் என்று தெரியாமல் முழிக்கும். 'ஐயோ' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் எல்லாம் ஓடிப்போயிருக்கும். யாரிடம் என்ன புகார் கொடுக்க? நாக்கை மடித்து அந்தப் பல்லுக்குப் போர்வையாகப் போட்டு, தண்ணீரை மறுபக்கமாக ஓட்டிவிடுவதுதான் ஒரே வழி. ஆனால் அப்படிக் குடிக்கிறவன் முகத்தைப் பார்த்தால் நாய்க்குட்டி சோப்பைத் தின்றது போல இருக்கும்.

சென்னியப்பன் இதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? கிரிக்கெட்டில் நூறு அடித்தவனுக்கு மட்டையைக் கண்டால் பயம் என்றால் வெளியே தெரியலாமா? அவன் தண்ணீரைச் சுடவைத்துக் குடித்தான். கேட்டால் சளி என்றான். வெயில் மண்டையைப் பிளக்கிற சித்திரையிலும் சளி. பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பியது. நம் ஊருக்கு அது இலவசமாகக் கிடைக்கிற குளிர்சாதனம். சைக்கிளில் போகும்போது வாயைத் திறந்தால் காற்று நேராகப் பல்லுக்குத்தான் வரும். அதனால் மூக்குக்குக் கீழே துண்டைக் கட்டிக்கொண்டு போனான். பேசுவதைக் குறைத்தான். சிரிப்பதை நிறுத்தினான். டீக்கடையில் அவனைப் பற்றி இரண்டு கட்சி உண்டானது. ஒரு கட்சி, சென்னியப்பன் மலைக்குப் போக மௌன விரதம் இருக்கிறான் என்றது. இன்னொரு கட்சி, பொண்ணு யாரு என்று கேட்டது.

இதில் பெரிய கூத்து, அவன் தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியம்தான். பட்டறைக்காரன் புத்தி. எது சரியாக ஓடவில்லையோ அதன் மேல் துரு ஏறியிருக்கிறது, தேய்த்தால் சரியாகிவிடும். செங்கல் பொடியும் கல்லுப்பும் கலந்து, கடையில் இருப்பதிலேயே முரட்டுப் பிரஷ்ஷாக வாங்கி, விடியற்காலையில் ஆரம்பித்தான் என்றால் எச்சில் சிவப்பாக வரும்வரை விடமாட்டான்.

"ஏஞ்சாமி, ஈயச் சட்டியக் கழுவறயா, பல்ல வெளக்கறயா?" என்று அடுக்களையிலிருந்து அவன் அம்மா நாச்சியம்மாள் கேட்பாள். "எனக்கே இங்க கூசுது."

அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் சென்னியப்பன் ஒரு கணம் நிறுத்தினான். பிறகு இன்னும் வேகமாகத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கூச்சம் அதிகமானது. கூச்சம் அதிகமாக ஆக இன்னும் தேய்த்தான்.

இந்த லட்சணத்தில்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஜாதகம் பொருந்தி வந்தது.

பெண் பெயர் ராமாமணி. அப்பா செங்கோடன், கோபிக்குப் பக்கத்தில் நெல்லும் வாழையும். நடுவில் நின்று பேசிய சொந்தக்காரர் மாப்பிள்ளையைப் பற்றி வேறென்ன சொல்வது என்று தெரியாமல், "பையன் பல்லால வேன இழுத்தவனுங்" என்று சொல்லி வைத்திருந்தார். செங்கோடனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. படித்த மாப்பிள்ளைகள் ஆயிரம் பேர் வருவார்கள், வேன் இழுத்தவன் ஒருத்தன்தானே.

ஆனி கடைசியில், நல்ல நாள் பார்த்து, சென்னியப்பன், அம்மா, துணைக்கு யாகூப் பாய் என்று மூன்று பேரும் போனார்கள். கொங்குப் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் முதல் நாளே யாரும் கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று கணக்காகிவிடும். அதனால் பெண் வீட்டார் குடிக்க மட்டும் கொடுப்பார்கள். குடிக்கிற ஆளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, மாமன், மச்சான், சித்தப்பன், பெரியப்பன் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் பதில்.

செங்கோடன் வீட்டில் இதற்கு மேல் இன்னொரு விசேஷம் இருந்தது. கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் குங்குமம் வைத்து, தலையில் பூப்போட்ட துணி போர்த்தி, ஒரு புது பிரிட்ஜ் நின்றது.

"போன மாசந்தானுங் எறக்குனோம்" என்று செங்கோடன் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினார். "உள்ள பாருங். மோரு, எளநி, கீரக்கட்டு, சாமி பூவு, எல்லாம் இதுக்குள்ளதான். ஒரு வாரமானாலும் வாடாதுங்."

உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு புகை இறங்கி வந்து சென்னியப்பனின் வாயைத் தேடியது. அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். "பையன் அமைதியானவரு" என்று ஒரு சித்தப்பா மெச்சினார்.

அப்போது ராமாமணி தட்டுடன் வந்தாள். நன்னாரி சர்பத், எலுமிச்சை பிழிந்தது, மேலே ஐஸ் கட்டி மிதந்தது. குனிந்த தலை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வந்தவள் நேராக ஒரு பார்வை பார்த்தாள். அப்பா திறந்தபடியே விட்டிருந்த பிரிட்ஜ் கதவைத் தாண்டும்போது, இரண்டு கையிலும் தட்டு இருந்ததால், திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் அதைச் சாத்தினாள். டப் என்று மூடியது. அவ்வளவுதான். சென்னியப்பனுக்கு உலகத்தில் வேறு எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் தன் வாழ்க்கையில் ஏதோ ஒரு கதவு சும்மா திறந்து கிடந்ததாகவும், இவள் வந்து குதிகாலால் சாத்திவிட்டதாகவும் அவனுக்குத் தோன்றியது.

அந்த மயக்கத்தில் கண்ணை அவள் மேல் வைத்துக்கொண்டே, டம்ளரை எடுத்து ஒரு வாய் நிறையக் குடித்துவிட்டான்.

குளிர், புளிப்பு, இனிப்பு. பல் கூச்சத்துக்கு எதிரிகள் என்று யாரெல்லாம் உண்டோ எல்லாரும் ஒரே டம்ளரில் வந்திறங்கினார்கள். சென்னியப்பனின் முகம் நான்கு திசைக்கும் நான்கு துண்டாகப் போனது. மூக்கு நெற்றிக்கு ஏறியது. ஒரு புருவம் கீழே இறங்கி வந்து உதட்டை விசாரித்தது. வலது கையால் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, ராமாமணியை நேராகப் பார்த்தபடியே, வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றின குழந்தை போல உடம்பைக் குலுக்கினான்.

கூடத்தில் இருந்த எல்லாரும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

ராமாமணி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிங், பஸ்ஸுக்கு நேரமாச்சாட்ட இருக்குது" என்றார். அன்றைக்கு இன்னும் மூன்று பஸ் இருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குச் செங்கோடனிடமிருந்து போன் வந்தது. நாச்சியம்மாளைக் கூட்டிவந்து பேச வைத்தார்கள். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்ததால் யாகூப் பாய்க்கும் கேட்டது.

"புடிக்கலீன்னா ஊட்டுக்குப் போயி ஆள் உட்டுச் சொல்றது மரியாதைங் அம்மிணி. எம்புள்ளைய நேருக்கு நேராப் பாத்து மூஞ்சியச் சுளிக்கறதுங்களா? நாலு ஊரு சனம் பாத்துருச்சு. ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததீம் தாராபுரத்துலிருந்து ஒரு எடம் வாராங்க. நாங்க அக்கட்டப் பாத்துக்கறோமுங்."

நாச்சியம்மாள் ரிசீவரை வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்கு என்னடா கொற? உம்மூஞ்சிக்கு அது வந்ததே எச்சு."

"புடிச்சிருக்குதும்மா" என்றான் சென்னியப்பன்.

"அப்பறம் ஏன்டா அப்பிடிச் சுளிச்சே?"

அவன் வாயைத் திறந்தான். டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். வேன் எதிரே நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் யாகூப் பாய் அவனைப் பட்டறையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஒரு பழைய மோட்டார் மேல் உட்கார வைத்தார். "ஏப்பா சென்னி, எங்கிட்டச் சொல்லு. நெசத்த."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குப் பல்லு கூச்சமுங் பாய்" என்று ஆரம்பித்தான் சென்னியப்பன்.

"ஓ. அவுரு வேன் இழுத்தவரா?"

சென்னியப்பன் தலையைத் தொங்கப் போட்டான்.

யாகூப் பாய் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருடைய தாடி ஆடியதில் தெரிந்தது. "ஆடி ஒரு மாசம் இருக்குது. யாரும் யாருக்கும் பொண்ணு பேச மாட்டாங்க. அதுக்குள்ள பல்லப் பாத்துக்குவோம். ஆவணி ஒண்ணாந் தேதி தாராபுரத்துக்காரங்களுக்கு முன்னால போயி நின்னு, நெசத்தச் சொல்லிப்போடுவோம்."

"சொன்னா ஊரே சிரிக்குமுங் பாய்."

"சொல்லாட்டி அந்தப் புள்ள தாராபுரம் போயிரும். எது தேவல?"

திருச்சி ரோட்டில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். சென்னியப்பனைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கை இறக்கி, ஒரு சின்னக் குழாயால் வலப்பக்க மேல் பல்லில் உஸ் என்று காற்றடித்தார். சென்னியப்பன் நாற்காலியோடு எழுந்து நின்றான். வேன் இழுத்த மனுஷன் அல்லவா, நாற்காலி கனமே இல்லை.

"எதுலங்க வெளக்கறீங்க?"

"செங்கப் பொடிங். உப்புங்."

"வேற?"

யாகூப் பாய் எடுத்துக் கொடுத்தார். "ஒயரு உரிப்பாருங். சோடா மூடி தொறப்பாருங். ஒரு தடவ வேனு."

டாக்டரம்மா குழாயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "பல்லுக்கு மேல கெட்டியா ஒரு ஓடு இருக்குதுங்க, எனாமல்னு. ஈறு ஓரத்துல அது ரொம்ப மெல்லிசு. நீங்க தேச்சே அதைக் கரைச்சுட்டீங்க. ஈறும் மேல ஏறிப்போச்சு. இப்ப உள்ள இருக்கறது வெளிய தெரியுது. அதுல கண்ணுக்குத் தெரியாத குழாய் நெறைய. குளுரு, புளிப்பு எதுபட்டாலும் அந்தக் குழாய் வழியா நரம்புக்குச் சேதி போயிருது."

சென்னியப்பன் படுத்தபடியே அவரைப் பார்த்தான். செப்புக் கம்பிக்கு மேலேயும் எனாமல்தான். பிளேடால் அதைச் சுரண்டுவது அவன் தினமும் செய்கிற வேலை. சுரண்டின இடத்தில் இன்னொரு கம்பி பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் வாய்க்குள் தானே தினமும் விடியற்காலையில் எழுந்து, உப்புப் போட்டு, ஒரு ஷார்ட் சர்க்யூட்டைக் கட்டி வைத்திருக்கிறான்.

"இன்சுலேசன் போட முடியுமுங்களா?" என்றார் யாகூப் பாய் கவலையாக.

"போடலாம். இன்னிக்கு வார்னிஷ் மாதிரி ஒண்ணு பூசறேன். கூச்சத்துக்குன்னே ஒரு பேஸ்ட்டு எழுதித் தாரேன். மெத்துனு இருக்கற பிரஷ்ல, ரெண்டு வேளை, பூவத் தொடற மாதிரி வெளக்கோணும். துப்பிட்டு உடனே வாயக் கொப்பளிச்சு ஊத்தாதீங்க, மருந்து தங்கட்டும். ஒரு நாள்ல கேக்காது, வாரக்கணக்குல ஆகும். புளிப்புத் தின்னா கொஞ்ச நேரம் கழிச்சு வெளக்குங்க. அப்புறம் அந்த ஒயரு, சோடா, வேனு."

"உட்டுடறனுங்."

"குளுரு போன பொறகும் நின்னு வலிச்சாலோ, ஒண்ணும் படாமயே வலிச்சாலோ உடனே வாங்க. அது வேற சமாச்சாரம்."

சென்னியப்பனுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அம்மிணி, வார்னிஷு காய லைட்டுக்கு முன்னால வாயத் தொறந்து உக்காரோணுமுங்களா? பட்டறையில நூறு வாட்ஸ் பல்பு போடுவமுங்."

அந்த ஆடி மாதம் முழுவதும் சென்னியப்பன் பூவைத் தொட்டான். காலையில் அவன் பல் விளக்குவதைப் பார்க்க எதிர் வீட்டுக் குழந்தைகள் வந்தன. சத்தமே இல்லாததால் நாச்சியம்மாள் இரண்டு முறை அடுக்களையிலிருந்து குரல் கொடுத்து, "அங்க இருக்கறயா?" என்று கேட்டாள். பட்டறையில் இடுப்பில் கயிறு கட்டிக் குறட்டைத் தொங்கவிட்டுக்கொண்டான். வெளியே சொல்லத் தைரியம் இல்லாமல், வாயில் பூச்சி மருந்து பட்டுவிட்டது என்று டீக்கடைக்கு ஒரு கதை கொடுத்தான். ராத்திரி படுத்தால் பிரிட்ஜ் கதவு டப் என்று மூடுகிற சத்தம் கேட்டது.

ஆவணி பிறந்த அன்றே மூவரும் கோபியில் இறங்கினார்கள். செங்கோடன் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே திரும்பி மாமன் மச்சான்மார்களைப் பார்த்துச் சொன்னார்.

"பல்லு கூசுச்சாமா. வேன் இழுத்த பல்லு கூசுச்சாமா."

கூடம் முழுக்கச் சிரித்தது. சென்னியப்பன் இதற்காகத்தான் ஒரு மாதம் பயந்திருந்தான். இப்போது அது நடந்துவிட்டதும் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. அடுக்களை வாசலில் ஒரு புடவை ஓரம் தெரிந்தது, அது சிரிக்கவில்லை.

"வேனு சரிவுல தானா வந்ததுங்" என்றான் சென்னியப்பன். "நான் முன்னால ஓடுனேன். அவ்வளவுதானுங். பல்லு கூசுனது நெசமுங்."

யாகூப் பாய் திகைத்துப்போய் அவனைப் பார்த்தார். பத்திரமாக மூடி வைத்திருந்த சரிவை அவனே திறந்துவிட்டான்.

ஒரு பெரியப்பா, விவரமானவர், கையைத் தூக்கினார். "நெசமா பொய்யான்னு இப்பவே பாத்துப்போடலாம். பொண்ண உள்ள இருக்கச் சொல்லு. பிரிட்ஜுத் தண்ணி குடு. மூஞ்சி சுளிச்சா, அன்னிக்கும் தண்ணியாலதான். அப்பறம் தண்ணி இல்லாம பொண்ண மட்டுங் காட்டு. அப்பச் சுளிக்காட்டி, பையன் சொல்றது நெசம்."

எல்லாரும் ஒப்புக்கொண்டு, மூவரையும் கூடத்தில் உட்கார வைத்தார்கள். பிரிட்ஜிலிருந்து தண்ணீர் வந்தது. டம்ளருக்கு வெளியே வேர்த்திருந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

அவனே நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டான். ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்தார்கள். வாயில் வைத்து வலப்பக்கம் ஒதுக்கிப் பார்த்தான். குளிர்ச்சியாக, இனிமையாக, வெறும் தண்ணீராக இருந்தது. டாக்டரம்மாவின் மருந்து வேலை செய்திருந்தது. ஒரு மாதம் பூவைத் தொட்டதற்குப் பலன், வரக்கூடாத அன்றைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"கொஞ்சம் சுளிச்சுத் தொலையேன்" என்று யாகூப் பாய் காதில் சீறினார்.

சென்னியப்பன் முயற்சி செய்தான். அம்மாவின் மேல் ஆணையாக முயற்சி செய்தான். மூக்கைத் தூக்கினான், புருவத்தை இறக்கினான். ஒன்றோடொன்று ஒத்துவராமல், கடைசியில் முகத்தில் வந்தது ஒரு இளிப்பு.

"பாத்தீங்களா" என்றார் செங்கோடன். அவர் குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஐஸக் கடிச்சுத் திங்கறாரு. பல்லு கூசுதாம். எம்புள்ளைய வேண்டாம்னு சொல்ல உங்களுக்குக் கதை வேற வேணுமுங்களா? எந்திரிங் எல்லாரும்."

சென்னியப்பன் எழுந்தான். உண்மையையும் சொல்லியாயிற்று, சரிவையும் சொல்லியாயிற்று. அப்போது அடுக்களை வாசலிலிருந்து ராமாமணி வெளியே வந்தாள். கையில் தட்டு இல்லை. நேராக வந்து அவனுக்கு எதிரே நின்றாள்.

"பெரியப்பா, பாதிச் சோதனைல அப்பா எந்திரிக்கச் சொல்றாரே. என்னையக் காட்டவே இல்லியே."

"அதான் மொதலுதே தோத்துப்போச்சே அம்மிணி" என்றார் பெரியப்பா.

"அதையப் பொறகு பாக்கலாங். இப்ப அவுரு மூஞ்சியப் பாருங். சுளிக்குதா?"

எல்லாரும் பார்த்தார்கள். சுளிக்கவில்லை. அந்த முகத்தில் வந்துகொண்டிருந்த சிரிப்பு, ரொம்ப நாளாக வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தது. மொத்தப் பல்லும் தெரிந்தது.

"தண்ணியக் குடிச்சும் சுளிக்கல. என்னையப் பாத்தும் சுளிக்கல" என்றாள் ராமாமணி. "ரெண்டுக்குஞ் சுளிக்கலீன்னா, தண்ணியும் புடிச்சுது, நானும் புடிச்சன்னுதானே அர்த்தம்? அன்னிக்கு அவுரு கன்னத்தப் புடிச்சாருப்பா. பொண்ணப் புடிக்காதவங்க கன்னத்தையா பொத்திக்குவாங்க?"

"இத நீ அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் செங்கோடன்.

"யாருங்ப்பா கேட்டீங்க?"

விவரமான பெரியப்பா விட்டத்தைப் பார்த்தார். செங்கோடன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "எலையப் போடுங்."

சென்னியப்பன் கை நனைத்தான். ரசத்துக்குப் பிறகு தயிர் வந்தது, பிரிட்ஜிலிருந்து. இரண்டு தடவை கேட்டு வாங்கினான்.

இதையெல்லாம் எழுதி முடித்தவன், பட்டறை வாசலில் வைத்து சென்னியப்பன் அண்ணனுக்கு முன்னால் முழுசாகப் படித்துக் காட்டினான். 'அவன் இவன்' என்று வந்த இடத்தில் அண்ணன் ஒரு முறை முறைத்தார். வேன் அவரைத் துரத்தின இடத்தில், இடுப்பில் தொங்கிய குறட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ராமாமணி அக்கா உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தார். ஐஸ் மிதந்தது. அண்ணன் தன்னுடையதை மடமடவென்று குடித்துவிட்டு, எதிரே இருந்த டம்ளரையே பார்த்தார்.

"ஏன், நீ குடிக்கலியா?"

"சளிங்ண்ணா."

"அப்பிடியா." அண்ணன் காகிதத்தை வாங்கி, விரலை வைத்து ஒரு இடத்தைத் தேடினார். "எனக்குக் கூசுனது வலப்பக்கம். டாக்டரம்மா காத்தடிச்சது வலப்பக்கம். நீயும் அங்க சரியாத்தான் எழுதியிருக்கே. இங்க, மொதல்ல சொம்புத் தண்ணி குடிக்கறப்ப மட்டும் எடதுங்கறே, எடது காதுங்கறே. நாக்க மடிச்சுக் குடிக்கற வித்த எனக்குத் தெரியவே தெரியாது, நான் யாருகிட்டயும் சொன்னதுமில்ல."

சர்பத் டம்ளருக்கு வெளியே வேர்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளாக் கண்ணு?" என்றார் அண்ணன். "வாயத் தொற, பாக்கலாம்."